காட்பாடியில் இறங்குகிறவர்களுக்கு ஏழு நிமிடத்துக்கு ஒரு பஸ்

வேலூரின் போக்குவரத்தை ஒரே கோடாக வரைந்துவிடலாம். வடக்கு முனையில் காட்பாடி ஜங்ஷன், தெற்கு முனையில் பாகாயம். இடையில் சித்தூர் பஸ் ஸ்டாண்ட், சில்க் மில், விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், சிஎம்சி ஆஸ்பத்திரி, பழைய பஸ் ஸ்டாண்ட், தொரப்பாடி. எல்லாம் சேர்த்து பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர்தான். 1, 2 என்று நம்பர் போட்ட டவுன் பஸ்கள் இந்தக் கோட்டிலேயே நாள் முழுக்கப் போய்வருகின்றன. ஊருக்குப் புதிதாக வருகிறவரிடம் "ஒன்னு, இல்லாட்டி ரெண்டாம் நம்பர் ஏறிக்கோங்க" என்று சொன்னால் போதும், வழி சொல்லி முடிந்தது.

ஒரு மாநகராட்சியின் பெரும்பாலான நடமாட்டம் இப்படி ஒரே கோட்டில் அடங்குவது அபூர்வம். மின்பேருந்து பற்றி எங்கே செய்தி வந்தாலும் நான் இந்தக் கோட்டை வைத்துத்தான் யோசிக்கிறேன். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் கிளம்பின. நல்ல விஷயம். ஆனால் அந்தப் பன்னிரண்டு மீட்டர் வண்டியையே கொண்டுவந்து இங்கேயும் விடுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. காட்பாடி ஸ்டேஷனுக்கும் சிஎம்சிக்கும் நடுவில், அந்த ஏழு கிலோமீட்டருக்கு மட்டும், ஒன்பது மீட்டர் நீளச் சின்ன மின்பேருந்துகள் வேண்டும். ஏழு நிமிடத்துக்கு ஒன்று. காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை. அவ்வளவுதான் கோரிக்கை. இது நடக்கிற காரியம்தான் என்பதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதலில், இந்த வழியில் யார் போகிறார்கள் என்று பாருங்கள். கொல்கத்தா பக்கத்திலிருந்து வரும் ரயில் காட்பாடியில் நின்றதும் இறங்குகிற கூட்டத்தில் பாதிப்பேர் கையில் ஒரு பெரிய கவர் இருக்கும். உள்ளே எக்ஸ்ரே, ஸ்கேன், பழைய மருந்துச்சீட்டு. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், எல்லை தாண்டி வங்கதேசம் என்று ஒன்றரை இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள். 1900இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த சிஎம்சி இன்று இவ்வளவு தூரத்திலிருந்து ஆட்களை வரவைக்கிறது. காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ் போர்டுகள் வங்காளியில் எழுதியிருப்பது அவர்களுக்காகத்தான். ரயிலை விட்டு இறங்கியவுடன் அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது. ஸ்டேஷன் வாசலில் அந்தக் கேள்விக்கு ஆட்டோக்காரர் ஒரு தொகை சொல்வார், ஷேர் ஆட்டோக்காரர் இன்னொரு தொகை சொல்வார். மொழி தெரியாதவரிடம் அந்தத் தொகை எப்போதும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பெட்டி இரண்டு, வீல்சேர் ஒன்று, பாட்டி ஒருவர் என்று வந்த குடும்பத்தால் டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. ஏன் முடியாது என்பதற்குப் பஸ்ஸின் படியைப் பார்த்தால் போதும்.

எங்கள் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்த பிறகு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வாக்கரை நான் மடித்துப் பிடித்துக்கொள்வேன். அம்மா இடது கையால் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதல் படியில் வைப்பார். தரையிலிருந்து அந்த முதல் படி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். அதில் ஏறினால் அடுத்தது, அப்புறம் இன்னொன்று. மூன்றாவது படியில் உடம்பு முழுக்க ஒரு கையில் தொங்கும். பின்னால் நிற்கிறவர்கள் நல்லவர்கள்தான், "பாத்து பெரிம்மா, மெதுவா ஏறுங்க" என்று சொல்வார்கள். ஆனால் பின்னால் இன்னொரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது ஓட்டுநரால் எவ்வளவு நேரம் பொறுக்க முடியும்? கொஞ்ச நாளில் ஆட்டோவுக்கு மாறிவிட்டோம். எங்களால் முடிந்தது, மாறினோம். முடியாதவர்கள் பிசியோதெரபிக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

அதனால் மின்பேருந்து என்றதும் பலரும் முதலில் கேட்கிற 'ஒரு சார்ஜுக்கு எவ்வளவு கிலோமீட்டர் ஓடும்' என்ற கேள்வி எனக்கு இரண்டாவதுதான். முதல் கேள்வி, தரையிலிருந்து தளம் எவ்வளவு உயரம்? நம் நாட்டு நகரப் பேருந்து விதிமுறைகளில் 400, 650, 900 மில்லிமீட்டர் என்று மூன்று உயரங்கள் உண்டு. 400 என்றால் படியே இல்லாமல் நேராக உள்ளே கால் வைக்கலாம். ஒரு பலகையைச் சாய்த்துவிட்டால் வீல்சேரும் ஏறும். மின்பேருந்தில் இது எளிது. ஏனென்றால் முன்னால் பெரிய டீசல் எஞ்சின் இல்லை, அதிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டும் இல்லை. மோட்டாரைப் பின்னால் வைத்து, பேட்டரியைக் கூரை மேலோ பின்பக்கமோ ஏற்றிவிட்டால் நடுத்தளம் தாழ்ந்துவிடும். ஆனால் எளிது என்பதற்காகத் தானாக நடந்துவிடாது. ஒன்பது மீட்டர் மின்பேருந்துகளில் 650, 900 உயரத்தில் படி வைத்தவையும் விற்பனைக்கு இருக்கின்றன, அவற்றின் விலையும் குறைவு. டெண்டரில் 400 என்று எழுதாவிட்டால் வருவது அதுவாகத்தான் இருக்கும். படி ஏற முடியாதவருக்குப் பேட்டரி வண்டியும் டீசல் வண்டியும் ஒன்றுதான்.

சரி, சார்ஜ் விஷயத்துக்கு வருவோம். ஒன்பது மீட்டர் வண்டி ஏசியோடு ஓடினால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.8 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். காட்பாடியிலிருந்து சிஎம்சி போய்த் திரும்ப 14 கிலோமீட்டர், ஆக 11 யூனிட் சொச்சம். ஸ்டேஷன் முனையில் 120 கிலோவாட் சார்ஜர் ஒன்று இருந்து, வண்டி அங்கே பத்து நிமிடம் நின்றாலும், அந்தச் சுற்றுக்குச் செலவான மின்சாரம் திரும்ப ஏறிவிடும். இரண்டு முனைக்கு நடுவே போய்ப் போய் வருகிற ஷட்டில் ஓட்டத்தின் அழகே இதுதான். வண்டி எப்படியும் முனையில் நிற்கத்தான் போகிறது. ஓட்டுநர் டீ குடிக்க வேண்டும், கால் நீட்ட வேண்டும். அந்த நேரத்தில் வண்டியும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பெரிய பேட்டரியைச் சுமந்துகொண்டு அலைய வேண்டியதில்லை.

வியன்னாவில் 2012இலிருந்தே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பழைய நகரத்தின் குறுகலான தெருக்களில் ஓடும் 2ஏ, 3ஏ வழித்தடங்களுக்குப் பன்னிரண்டு குட்டி மின்பேருந்துகளை விட்டார்கள். முனையில் வந்து நின்றதும் கூரையிலிருந்து ஒரு கை எழும்பி, அங்கே ஏற்கெனவே டிராமுக்காகப் போகும் மின்கம்பியைத் தொட்டு சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். நம்மிடம் டிராம் கம்பி கிடையாது. ஆனால் காட்பாடி பெரிய ஜங்ஷன், மின்சாரத்துக்குப் பஞ்சமான பகுதி இல்லை. உயரழுத்த இணைப்பு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு சார்ஜர், வண்டிகள் நிற்க நிழல். மின்வாரியத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டிய வேலை இது. வண்டி வந்து நின்ற பிறகு இணைப்புக்காக அலைவதுதான் பல ஊர்களில் மின்பேருந்து ஆரம்பத்திலேயே பெயரைக் கெடுத்துக்கொள்ளும் இடம்.

நிழல் என்று சொன்னதை நிஜமாகவே சொன்னேன். வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் 40, 42 டிகிரி நமக்குச் சாதாரணம். பேட்டரிக்கும் இந்தச் சூடு ஆகாது. சூடு ஏறினால் பாதுகாப்புக்காகச் சார்ஜ் ஆகும் வேகத்தை அதன் கட்டுப்பாட்டுக் கருவியே குறைத்துவிடும். வருடக்கணக்கில் சூட்டிலேயே கிடந்தால் கொள்ளளவு சீக்கிரம் தேயும். இப்போது பேருந்துகளில் பரவலாக வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி மற்ற வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும். அதோடு, திரவம் ஓடிக் குளிர்விக்கும் அமைப்பு இருக்க வேண்டும், வெட்டவெளியில் நிறுத்தக் கூடாது. மதியம் இரண்டு மணிக்கு வேக சார்ஜைத் தவிர்த்து, அதிகாலையிலும் மாலைக்கு மேலும் அதிகமாக ஏற்றுவது போல அட்டவணை போட வேண்டும். இதெல்லாம் செய்யக்கூடியதுதான்.

வெயில் பேட்டரியை மட்டும் படுத்தவில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டவுன் பஸ் ஓட்டுநர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மின்பேருந்து பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "இன்னா தம்பி, பேட்டரி பஸ்ஸுல கிளட்ச்சே கிடையாதாமே?" என்றார். ஆமாம் அண்ணே, கியரும் கிடையாது என்றேன். அவர் பேசாமல் இடது முட்டியைத் தடவிக்கொண்டார். அவர் ஓட்டிய வண்டிகளில் எஞ்சின் முன்னால், அவர் இடது தொடைக்குப் பக்கத்திலேயே இருக்கும். மே மாதத்தில் அந்த மூடியின் மேல் ஈரச்சாக்கு போட்டுக்கொண்டு ஓட்டியதாகச் சொன்னார். "சிக்னலுக்கு சிக்னல், ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு கிளட்ச்ச மிதிச்சி மிதிச்சி இந்தக் காலு போச்சி. இருவது வருசம் முன்னால வந்திருக்கலாம் உன் பேட்டரி பஸ்ஸு." மின்பேருந்துக்கு ஆதரவாக நான் படித்த எந்த அறிக்கையிலும் ஓட்டுநரின் இடது முட்டி இல்லை. ஆனால் நின்று நின்று போகிற ஊர்ப் பாதையில் முதலில் தப்பிக்கப்போவது அதுதான். வண்டிக்கும் இந்தப் பாதையில் ஓர் ஆதாயம் உண்டு: வேகம் குறைக்கும்போதெல்லாம் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். டீசல் வண்டிக்கு நஷ்டமான நெரிசல் இதற்கு அவ்வளவு நஷ்டமில்லை.

இப்போது பணம். இந்த இடத்தில்தான் மின்பேருந்துத் திட்டங்கள் ஜெயிக்கின்றன அல்லது கவிழ்கின்றன, அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

ஏழு கிலோமீட்டரை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 28 நிமிடம். போக, வர, முனைகளில் நிற்க எல்லாம் சேர்த்து 70 நிமிடம். ஏழு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் பத்து வண்டி போதும், ஸ்பேர் இரண்டு. ஒரு வண்டி நாளுக்குச் சுமார் 180 கிலோமீட்டர் ஓடும். பத்து வண்டிக்கு வருடம் 6,57,000 கிலோமீட்டர். இப்போதைய நடைமுறையில் போக்குவரத்துக் கழகங்கள் மின்பேருந்தைச் சொந்தமாக வாங்குவது குறைவு. ஒரு நிறுவனம் வண்டியையும் ஓட்டுநரையும் கொண்டுவரும், கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும், டிக்கெட் வசூல் கழகத்துக்கு. 2022இல் மத்திய அரசின் சிஇஎஸ்எல் நிறுவனம் ஐந்து பெருநகரங்களுக்காக நடத்திய பெரிய டெண்டரில் ஒன்பது மீட்டர் வண்டிக்குக் கிலோமீட்டர் 39 ரூபாய் சொச்சம்கூட வந்தது. இங்கே வண்டி குறைவு, தாழ்தளம் வேறு கேட்கிறோம், அதனால் 60 ரூபாய் என்றே வைப்போம். வருடத்துக்கு ஏறக்குறைய 3.94 கோடி. போவது ஒன்று, வருவது ஒன்று என்று நாளுக்கு 250 நடை, நடைக்கு 25 பேர், தலைக்குப் பத்து ரூபாய் என்றால் வருமானம் வருடம் 2.28 கோடி. துண்டு விழுவது 1.66 கோடி. கண்டக்டர் சம்பளத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

இந்தத் துண்டை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. திருவனந்தபுரத்தில் 2022 ஆகஸ்டில் சிட்டி சர்க்குலர் மின்பேருந்துகள் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஓட ஆரம்பித்தன, மக்கள் விரும்பி ஏறினார்கள். 2024இல் அது லாபமா நஷ்டமா என்று அமைச்சர் மட்டத்திலேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. முன்கூட்டியே துண்டுக்கு ஒரு வழி சொல்லி வைத்திருந்தால் அந்த வாக்குவாதத்துக்கு இடமிருந்திருக்காது.

வழி இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் சட்டனூகா. நம்மைப் போல நடுத்தர ஊர்தான். 1992இல் நகர மையத்தில் இலவச மின்ஷட்டிலை விட்டார்கள். இரண்டு முனையிலும் வண்டி நிறுத்தும் கட்டடங்கள் கட்டி, அந்தப் பார்க்கிங் வருமானத்தை ஷட்டிலுக்குத் திருப்பினார்கள். காரை முனையில் விடு, உள்ளே ஷட்டிலில் வா என்கிற ஏற்பாடு. வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றி, மார்க்கெட்டைச் சுற்றி, கோட்டையைச் சுற்றிச் சாலையோரத்தில் நிற்கும் கார்களும் பைக்குகளும் எவ்வளவு என்று ஒருமுறை நடந்து பார்த்தால் தெரியும். சாலையில் பாதியை அவை எடுத்துக்கொள்கின்றன, பெரும்பாலான இடத்தில் கட்டணமே கிடையாது. அதற்கு முறையாகக் கட்டணம் வாங்கி, அந்தப் பணம் ஷட்டிலுக்கு என்று மாநகராட்சி தீர்மானம் போட்டால் துண்டின் பெரும்பகுதி அடைபடும் என்று நினைக்கிறேன். 2016இல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் வந்த ஊர் இது. புதிய பஸ் ஸ்டாண்டே அந்தத் திட்டத்தில்தான் கட்டப்பட்டு 2022இல் திறந்தது.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் இந்த ஷட்டிலுக்கும் பொருந்த வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்கள் டிக்கெட் வாங்க வேண்டாம், அந்தத் தொகையை அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. புது வண்டி, ஏசி வண்டி என்று வேறு பெயர் வைத்து இதைக் கழற்றிவிட்டால், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, லாண்டரி வேலை, மெஸ் வேலை பார்க்கும் பெண்கள் பழைய வண்டியிலேயே தொங்கிக்கொண்டு வருவார்கள். ஷட்டில் வெளியூர்க்காரர்களுக்கான வண்டியாக மட்டும் ஆகிவிடும்.

கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுப்பதில் இந்தப் பாதைக்கு மட்டும் ஒரு தனி நன்மை உண்டு. இப்போது இங்கே ஓடும் தனியார் பஸ்களைப் பாருங்கள். ஸ்டாப்பில் கூட்டம் சேரும்வரை நிற்கும், சேர்ந்ததும் முன்னால் போன பஸ்ஸைப் பிடிக்கப் பாலத்தில் பறக்கும். இரண்டுக்கும் ஒரே காரணம், கலெக்‌ஷன். வசூலைப் பொறுத்துத்தான் ஓட்டுநர், கண்டக்டர் பேட்டா. கிலோமீட்டருக்குச் சம்பளம் என்றால் நிற்கவும் தேவையில்லை, பறக்கவும் தேவையில்லை. ஆனால் அதில் வேறு ஆபத்து இருக்கிறது: ஆளே ஏற்றாமல் ஓடினாலும் காசு வரும். அதனால் ஸ்டாப்பில் நிற்காமல் போனால் அபராதம், இரண்டு வண்டிக்கு நடுவே இடைவெளி பத்து நிமிடத்தைத் தாண்டினால் அபராதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஜிபிஎஸ் வைத்துப் பார்ப்பது இன்று பெரிய வேலை இல்லை.

கொடுப்பவர் பக்கமும் ஒழுங்கு வேண்டும். மாநிலப் போக்குவரத்துக் கழகங்கள் நேரத்துக்குப் பணம் தரமாட்டார்கள் என்ற பயத்தில் வண்டி நிறுவனங்களும் வங்கிகளும் தயங்கியது உண்மை. அதற்காகவே 2024 செப்டம்பரில் மத்திய அரசு 3,435 கோடி ரூபாயில் ஒரு கட்டண உத்தரவாத ஏற்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. கழகம் தவறினால் அந்த நிதியிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு மாநிலத்திடம் வசூலிப்பார்கள். தொழிற்சங்கங்களின் கவலையும் நியாயமானது. ஓட்டுநர் ஒப்பந்தக்காரரின் ஆள் என்றால் சம்பளம், வார விடுப்பு, பிஎஃப் எல்லாம் யார் பொறுப்பு? இதையும் ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் அந்த அண்ணனின் முட்டி தப்பித்து என்ன, அடுத்த தலைமுறை ஓட்டுநரின் வயிறு காயும்.

ரயிலையும் ஆஸ்பத்திரியையும் இப்படி இணைப்பது புதுசும் இல்லை. கொச்சி மெட்ரோ 2025 ஜனவரியில் பதினைந்து மின்பேருந்துகளை இணைப்பு வண்டிகளாக விட்டது. அதில் ஒரு தடம் களமசேரி மெட்ரோ நிலையத்திலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போகிறது. நம் தேவையும் அதுவேதான். அங்கே மெட்ரோ நிறுவனம் செய்ததை இங்கே போக்குவரத்துக் கழகமும் மாநகராட்சியும் ரயில்வேயும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கும். ரயில்வே கொடுக்க வேண்டியது ஸ்டேஷன் வளாகத்துக்குள் ஒரு நிறுத்தம். வாசலுக்கு வெளியே, மேம்பாலத்து நெரிசலில் நிறுத்தம் கொடுத்தால் பாதிப் பயன் போய்விடும்.

இது நன்றாக நடந்தால் பாகாயம்வரை நீட்டலாம். 2022இல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் நெடுஞ்சாலை ஓரம் திறந்த சிஎம்சியின் புதிய வளாகத்துக்கு ஒரு தடம் போடலாம். அதெல்லாம் அப்புறம். முதலில் இந்த ஏழு கிலோமீட்டர்.

மேலே போட்ட கணக்கில் 'நடைக்கு 25 பேர்' என்பது நானாக வைத்த எண். அதை உறுதிப்படுத்த நண்பர்கள் சிலர் சேர்ந்து காட்பாடி ஸ்டேஷன் வாசலில் தலைக்கணக்கு எடுக்கப் போகிறோம். ரயிலிலிருந்து இறங்கி சிஎம்சி பக்கம் போகிறவர்கள் எத்தனை பேர், எதில் போகிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள், கூட நடக்க முடியாதவர் இருக்கிறாரா என்று நாலே கேள்வி. வங்காளி, இந்தி பேசத் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் பெரிய உதவி. கணக்கு முடிந்ததும் மாநகராட்சி ஆணையருக்கும் போக்குவரத்துக் கழக மண்டல அலுவலகத்துக்கும் மனுவாகக் கொடுப்போம். வர விருப்பமுள்ளவர்கள் எழுதுங்கள். வாரநாளில் காலை ஐந்து முதல் பத்துவரை, அப்புறம் மாலை நான்கு முதல் எட்டுவரை. இரண்டு ஷிஃப்டிலும் ஆள் தேவை.